வெந்நீர்க் குளியல், காய்ச்சல், தூக்கக்கேடு: சிலருக்கு மட்டும் ஃபிட்ஸ் வருவது ஏன்?

பாடக்குறிப்பு என்ற புனைபெயரில் ஒருவர் கேட்டது:

கிராம சுகாதாரச் செவிலியர் பயிற்சிக்காக வலிப்பு பற்றித் தமிழில் ஒரு பாடம் தயாராகிறது. பழைய கையேட்டில் இருப்பது ஒரே வரி: "மூளையின் ஆக்சிலரேட்டர் குளூட்டமேட், பிரேக் காபா, பிரேக் பிடிக்காவிட்டால் வலிப்பு." வகுப்பில் எழும் கேள்விகளுக்கு இது தாங்காது. அடிக்கடி வருபவை இவை:

ஒரே வீடு, ஒரே 102 டிகிரி காய்ச்சல். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை, தம்பிக்கு மட்டும் கண் சொருகிவிட்டது. ஏன்?

தலைக்கு வெந்நீர் ஊற்றும்போது வரும் ஃபிட்ஸ் தனி நோயா, சாதாரண வலிப்புதானா?

"இவருக்கு வலிப்பு வரம்பு குறைவு" என்கிறார்களே, எதன் வரம்பு அது? எங்கே இருக்கிறது?

வீட்டுப் பொருட்கள், கடை மருந்துகளில் எவற்றைக் கட்டாயம் எச்சரிக்க வேண்டும்?

"நரம்புத் தளர்ச்சி" என்ற சொல்லைப் பாடத்திலிருந்தே எடுத்துவிடலாம் என்று எண்ணம். அதன் இடத்தில் என்ன சொல்வது?

---

சினாப்ஸ் பதில்:

முதலில் அந்த பிரேக் உவமையைப் பார்ப்போம். பாதி தூரம் வரை ஓடும், அதற்கு மேல் ஓடாது.

நியூரான் (நரம்புச் செல்) சும்மா இருக்கும்போது அதன் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். ஒரு தூண்டல் வந்தால் சில மில்லிவோல்ட் ஏறி, சட்டென்று இறங்கிவிடும். வலிப்பு மையத்தில் இருக்கும் செல் அப்படி இறங்காது. 20 முதல் 40 மில்லிவோல்ட் வரை ஒரே தூக்காகத் தூக்கி, 50 முதல் 200 மில்லிவிநாடி மேலேயே நிற்கும். அந்த மேட்டின் மேல் சரவெடி மாதிரி மின்துடிப்புகள் வெடிக்கும். பிறகு ஒரு நீண்ட பள்ளம். ஆயிரக்கணக்கான செல்கள் இதைச் சேர்ந்து செய்தால் ஈஈஜி எனும் மூளை மின்பதிவுத் தாளில் ஒரு கூர்முனை விழும்.

பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். கூர்முனை வலிப்பு அல்ல. கூர்முனை விழும்போதே அந்த மனிதர் பேசிக்கொண்டும் காபி குடித்துக்கொண்டும் இருப்பார். சரவெடி பக்கத்து வீட்டுக்குப் பரவாமல் சுற்றிலும் தடுப்பு நியூரான்கள் வேலி போட்டிருக்கின்றன. வேலி அறுந்தால்தான் வலிப்பு. அறுவதற்குப் பல வழிகள் இருக்கின்றன, ஒன்று தொடங்கினால் மற்றதை இழுத்துக்கொண்டு வரும்:

ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியே வருகிறது. வழக்கமாக வெளித்திரவத்தில் லிட்டருக்கு 3 மில்லிமோல் அளவில் இருப்பது, வலிப்பின்போது 10–12 வரை போகும். வெளியே பொட்டாசியம் ஏறினால் அக்கம்பக்கத்து செல்கள் எல்லாம் தாமாகவே வெடிக்கும் நிலைக்கு நெருங்கிவிடும்.

காபா வேலை செய்வது குளோரைடு செல்லுக்குள் நுழைவதால். விடாமல் காபா சுரந்தால் உள்ளே குளோரைடு நிரம்பி, இனி நுழைய இடம் இருக்காது. அப்போது காபா சுரந்தும் பயன் குறைவு.

குளூட்டமேட் திறக்கும் என்எம்டிஏ என்ற அயனிக் கதவை (வாயிலை) வழக்கமாக ஒரு மெக்னீசியம் அயனி குந்தி அடைத்திருக்கும். செல் போதிய அளவு மேலே ஏறியதும் அந்த அடைப்பு விலகி, கால்சியம் உள்ளே கொட்டும்.

கடைசியாக, தடுப்பு நியூரான்களே அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு மௌனமாகிவிடும். வேலி போட்டவரே மயங்கி விழுந்த கதை.

பரவும் வேகமும் மெதுவானதுதான். மூளைப் புறணியில் வலிப்பின் முன்விளிம்பு விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், பெரும்பாலும் அதற்கும் குறைவாகவே நகர்கிறது. கட்டைவிரல் துடிப்பு முகத்துக்கு ஏறுவதைக் கண்ணால் பார்க்க முடிவதற்கு அதுவே காரணம். மூளையின் இயக்கப் பட்டையில் கைக்குப் பக்கத்து வீடு முகம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் ஈஈஜி இல்லாமலே, இந்த நகர்வைப் பார்த்துத்தான் மூளையின் வரைபடத்தை ஊகித்தார்.

பிரேக் உவமை உடையும் இடம் இனி. பள்ளிக் குழந்தை பாடத்தின் நடுவே பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வது அப்சென்ஸ் வலிப்பு. அதில் மூளையின் நடுவே உள்ள தாலமஸும் புறணியும் விநாடிக்கு 3 முறை ஊஞ்சல் ஆடுகின்றன. அந்தத் தாளத்தை ஒழுங்காகப் பிடித்துவைப்பதே காபாதான்: காபா செல்லைக் கீழே அழுத்த, அழுத்தத்தில் டி-வகைக் கால்சியம் வாயில்கள் தயாராகி, விட்டதும் செல் துள்ளும். ஆகவே காபாவைக் கூட்டும் விகாபாட்ரின், டயகாபின் கொடுத்தால் அப்சென்ஸ் மோசமாகும். அந்தக் கால்சியம் வாயிலைத் தடுக்கும் எத்தோசக்ஸிமைடு கேட்கும். வகுப்பில் சொல்ல ஒரே வாக்கியம் வேண்டுமானால்: செல்கள் அதிகம் வெடிப்பது மட்டும் வலிப்பல்ல, எல்லாம் ஒரே தாளத்தில் வெடிப்பதுதான் வலிப்பு.

"வரம்பு" எங்கே இருக்கிறது என்றால், ஓரிடத்தில் இல்லை. மேலே சொன்ன ஒவ்வொரு வேலியும் எவ்வளவு தாங்கும் என்பதன் கூட்டு அது. பிறவியிலேயே ஒரு வேலி மெலிந்திருக்கலாம், தழும்பு ஒன்று ஒரு வேலியைத் தின்றிருக்கலாம், நேற்றிரவு தூக்கம் கெட்டு இன்றைக்கு மட்டும் இறங்கியிருக்கலாம். போதிய அடி விழுந்தால் எந்த மூளைக்கும் வலிப்பு வரும். சர்க்கரை 40க்குக் கீழே போனாலோ, சோடியம் திடீரென 115க்கு இறங்கினாலோ வலிப்பு நோயே இல்லாதவருக்கும் வரும். அதை வலிப்பு நோய் என்று சீட்டில் எழுதக் கூடாது.

---

பாடக்குறிப்பு:

தெளிவாகிவிட்டது, நன்றி. ஒரு சந்தேகம்: வலிப்பு தானாகவே நிற்கிறதே, யார் நிறுத்துகிறார்கள்? இரும்புச் சாவி கேள்வி கட்டாயம் வரும்.

---

சினாப்ஸ்:

வெடித்துக் களைத்த திசுவே நிறுத்திக்கொள்கிறது. செல்லின் எரிபொருளான ஏடிபி செலவாகி அடினோசின் சேரும், அது செல்களை அமுக்கும். அமிலத்தன்மை கூடி என்எம்டிஏ வாயில்கள் மந்தமாகும். உள்ளே நிரம்பிய சோடியத்தை வெளியேற்றும் பம்பு வேகமெடுத்து செல்லைக் கீழே இறக்கும். பெரும்பாலான பெருவலிப்புகள் ஓரிரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். வீட்டார் ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைத் தேடி எடுத்து, இறுகிய விரலைப் பிரித்துக் கையில் திணிக்க ஆகும் நேரமும் அதுதான். புகழ் இரும்புக்குப் போய்விட்டது.

---

குழந்தைநரம்பு பதில்:

அக்கா தம்பி கேள்விக்கு. முதல் காரணம் வயது. காய்ச்சல் வலிப்பு 6 மாதத்திலிருந்து 5 வயதுக்குள் வருவது. அக்காவுக்கு ஏழு வயதென்றால் அவள் அந்த வாசலைத் தாண்டிவிட்டாள்.

பச்சிளம் மூளையில் செல்லுக்குள் குளோரைடு அதிகம். அதை வெளியேற்றும் கேசிசி2 பம்பு இன்னும் முழுதாக வரவில்லை. அதனால் காபா வாயில் திறந்தால் குளோரைடு வெளியே போய், செல் அமுங்குவதற்குப் பதில் தூண்டப்படலாம். (பிரேக்கை மிதித்தால் வண்டி வேகமெடுக்கிறது. அந்த உவமையைப் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள், ஐயா.) பிறந்த குழந்தையின் வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டோன் பல நேரம் முழுதாகக் கேட்காததற்கு இதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். ஓரிரு வயதில் பம்பு தேறிவிட்டாலும் தூண்டும் இணைப்புகள் அந்த வயதில் மிகுதி. மேலே காய்ச்சல் வந்தால் வாயில்களின் வேகம் மாறும், இன்டர்லூக்கின்-1பீட்டா போன்ற அழற்சிப் பொருட்கள் குளூட்டமேட்டின் கையை ஓங்கவைக்கும்.

இரண்டாவது காரணம் பரம்பரை. ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்றாலும் சீட்டு வேறு வேறாகத்தான் விழும்.

வகுப்பில் எல்லோரும் தலைகீழாக நினைக்கும் ஒன்று: 104 டிகிரியில் ஃபிட்ஸ் வந்த குழந்தையைவிட, 100.5 டிகிரியிலேயே வந்த குழந்தைக்குத்தான் மறுபடி வர வாய்ப்பு அதிகம். கொஞ்சம் சூட்டிலேயே வேலி அறுகிறது என்றால் வேலி மெலிவு என்று பொருள். காய்ச்சல் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வந்தால், ஒன்றரை வயதுக்கு முன் வந்தால், அப்பா அம்மாவுக்குச் சின்ன வயதில் வந்திருந்தால், அதே கணக்கு. மொத்தத்தில் மூன்றில் ஒரு குழந்தைக்கு மறுபடி வரும். ஆனால் 15 நிமிடத்துக்குள் நின்று, உடல் முழுதும் ஒரேமாதிரி வந்து, 24 மணி நேரத்தில் ஒரே முறை வந்ததென்றால், பின்னாளில் வலிப்பு நோயாக மாறுவது நூறில் ஓரிருவருக்கே.

பாராசிட்டமால் குழந்தையின் உடல்வலிக்கும் சோர்வுக்கும் கொடுங்கள். அடுத்த காய்ச்சலில் ஃபிட்ஸைத் தடுக்கும் என்று உறுதி கொடுக்காதீர்கள். ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. கொடுத்தும் வந்துவிட்டால் தாய் தன்னையே பழித்துக்கொள்வாள்.

அனுப்பியே ஆக வேண்டிய குழந்தை ஒன்று உண்டு: ஒரு வயதுக்குள், காய்ச்சலோடும் இல்லாமலும், ஒருமுறை வலப்பக்கம் மறுமுறை இடப்பக்கம் என்று மாறி மாறி, அரை மணி நேரம் வரை இழுப்பது. இது டிராவெட் நோய்க்குறியாக இருக்கலாம். எஸ்சிஎன்1ஏ மரபணுவில் பழுது, சோடியம் வாயில் குறைவு. சோடியம் குறைந்தால் வலிப்பு குறைய வேண்டாமா? அந்த வாயிலை நம்பி ஓடுபவை பெரும்பாலும் தடுப்பு நியூரான்கள் என்பதுதான் வினை. அங்கே சோடியம் வாயிலை இன்னும் அடைக்கும் கார்பமசெபின், ஃபெனிடோயின், லாமோட்ரிஜின் கொடுத்தால் மிச்சமிருக்கும் வேலியும் போகும். "வலிப்பு மாத்திரை எல்லாம் ஒன்றுதானே, அண்ணன் பிள்ளையின் மாத்திரையைக் கொடுத்தேன்" என்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

---

ஈஈஜி மேசை பதில்:

வெந்நீர் வலிப்பு தனி வகைதான். ஒரு குறிப்பிட்ட தூண்டலால் கிளம்பும் அனிச்சை வலிப்புகளில் ஒன்று. முதலில் பதிவானது 1945இல், நியூசிலாந்தில். ஆனால் உலகில் மிக அதிகம் பேரிடம் கண்டு எழுதியது தென்னிந்தியாவில், குறிப்பாக பெங்களூரு நிம்ஹான்ஸ் (தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம்) மருத்துவர்கள். கர்நாடகத்தின் தென்பகுதி முதன்மை, தமிழ்நாட்டிலும் உண்டு. பெண்களைவிட ஆண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு. குழந்தைகளுக்குக் கூடுதல்.

நம் குளியல் முறையில்தான் சூட்சுமம். 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரை மக்கில் மொண்டு, மளமளவென்று நேரே உச்சந்தலையில் ஊற்றுவது, அதுவும் சில நாட்களுக்கு ஒருமுறை மட்டும். உடம்புக்கு மட்டும் ஊற்றினால் பெரும்பாலும் வருவதில்லை. சூடு, தண்ணீர் விழும் வேகம், உச்சந்தலைத் தொடுவுணர்வு மூன்றும் சேர்ந்த தூண்டல் இது. காய்ச்சல் வலிப்போடு குழப்பக் கூடாது. தலைமுறை தலைமுறையாக அதே வெந்நீரில் குளிக்கும் ஊரில் சிலருக்கு மட்டும் வருவதால் பரம்பரைப் பங்கும் உண்டு. சில குடும்பங்களில் பலருக்கு இருக்கிறது.

எப்படி இருக்கும் என்பதைச் செவிலியர் தெரிந்துகொள்ள வேண்டும். விழுந்து துடிப்பார்கள் என்று எதிர்பார்த்தால் தவறவிடுவீர்கள். பலருக்கு வெறித்த பார்வை, திகைப்பு, சம்பந்தமில்லாத பேச்சு, அவ்வளவுதான். சில நிமிடம் கழித்துத் தலை துவட்டாமல் வெளியே வந்து நிற்பார். குளியலின் தொடக்கத்திலும் வரலாம், முடிவிலும் வரலாம். சிலருக்கு அந்த நேரத்தில் ஓர் இன்ப உணர்ச்சி எழும், அதனால் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். "போதும் வா" என்றாலும் மக்கை வைக்காத பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று அடித்துவிட வேண்டாம். அடுத்த நாள் ஈஈஜி எடுத்தால் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். அதை வைத்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பக் கூடாது. பொதுவாகவே வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு முதல் ஈஈஜியில் எதுவும் சிக்காது.

சொல்ல வேண்டியது: தண்ணீரை உடல்சூட்டு அளவுக்கு, 37 டிகிரிக்கு, இறக்குங்கள். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. முதலில் உடம்பு, கடைசியில் தலை. தலைக்கு ஊற்றாமல் ஈரத்துண்டால் துடைத்து அலசலாம். உட்கார்ந்து குளிக்க வேண்டும், தாழ்ப்பாள் போடக் கூடாது, அடுப்போ கொதிக்கும் அண்டாவோ கையெட்டும் தூரத்தில் கூடாது. இதிலேயே பலருக்கு நின்றுவிடும். நிற்காவிட்டால் மருத்துவர் குளிப்பதற்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்பு மட்டும் குளோபசாம் எழுதுவார், குழந்தைக்கு 5 மி.கி., பெரியவர்களுக்கு 10 என்பது வழக்கம். அன்றாடம் மாத்திரை தேவைப்படாது. ஒரு பகுதியினருக்குச் சில ஆண்டுகளில் வெந்நீர் இல்லாமலும் வலிப்பு வரத் தொடங்கும். அப்போது தினசரி மருந்து.

தீபாவளிக்கு முந்தைய வாரம் இந்தப் பாடத்தை நடத்தினால் நல்லது. அதிகாலை எண்ணெய்க் குளியல், சுடச்சுட வெந்நீர், முந்தின இரவு பலகாரம் சுட்டுத் தூக்கமில்லை, காலை மாத்திரை மறந்துபோயிற்று. தூக்கக்கேடும் விட்ட மாத்திரையும் எந்த வகை வலிப்பையும் கிளப்பும். பதின்ம வயதில், காலையில் கையிலிருக்கும் டம்ளர் துள்ளி விழும் பிள்ளைகளுக்கு, அதாவது இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்புக்கு, தூக்கம் கெடுவதே முதல் எதிரி.

---

மருந்துச்சீட்டு பதில்:

கடைப் பக்கமிருந்து.

கற்பூரம் முதலிடம். பூஜை வில்லையைக் குழந்தை கற்கண்டு என்று வாயில் போட்டுவிடும். வயிற்றுவலி, வாந்தி எதுவும் காட்டாமல், 5 நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் நேரே ஃபிட்ஸ் வரலாம். சின்னக் குழந்தைக்கு ஒரு கிராம்கூட உயிருக்கு ஆபத்து. வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. வாந்தியின் நடுவில் ஃபிட்ஸ் வந்தால் நுரையீரலுக்குப் போய்விடும். சளிக்கென்று கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதும் கைக்குழந்தைக்கு வேண்டாம், தோல் வழியாகவே ஏறும். நீலகிரித் தைலத்தைக் குடிக்க வைப்பதும் அதே வகை.

காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் பி6 வைட்டமினைக் கெடுக்கும். பி6 இல்லாமல் குளூட்டமேட்டைக் காபாவாக மாற்றும் நொதி ஓடாது. அதிக அளவு விழுங்கிவிட்டவருக்கு வழக்கமான மருந்து கேட்காமல் ஃபிட்ஸ் தொடர்ந்தால், பி6 ஆகிய பைரிடாக்ஸின்தான் முறிமருந்து. விழுங்கிய கிராமுக்கு ஈடாக ஒரு கிராம், நரம்பு வழியே.

டிராமடால் வலி மாத்திரை வலிப்பு உள்ளவர் சீட்டில் இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகையும் அப்படியே. குடிப்பவர்களுக்குக் குடிக்கும்போது அல்ல, நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்தில்தான் ஃபிட்ஸ். ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள் வரும் வலிப்பு இந்தக் கணக்கில் சேரும்.

மாத்திரை விட்டுப்போவதிலும் மருந்துக்கு மருந்து வித்தியாசம் உண்டு. லெவெட்டிராசெட்டம் இரத்தத்தில் 6–8 மணி நேரத்தில் பாதியாகும், ஒரு வேளை விட்டாலே அன்றிரவு தெரியும். ஃபீனோபார்பிட்டோன் பாதியாக மூன்று நான்கு நாள் எடுக்கும். அதனால் "நாலு நாள் விட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று தைரியமாக விட்டுவிட்டு இரண்டாவது வாரம் விடாத ஃபிட்ஸோடு வருவார்கள். வால்ப்ரோயேட் சாப்பிடுபவருக்கு மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி ஆரம்பித்தால் ஒரே நாளில் வால்ப்ரோயேட் அளவு அடிமட்டத்துக்கு விழும். டோஸைக் கூட்டியும் ஈடுகட்ட முடியாது. ஆன்டிபயாட்டிக்கை மாற்ற வேண்டும், இல்லையென்றால் வேறொரு வலிப்பு மருந்தைச் சேர்க்க வேண்டும்.

---

பாடக்குறிப்பு:

நாடாப்புழு பற்றி யாரும் சொல்லவில்லையே. "நாங்கள் சைவம், எங்களுக்கு எப்படிப் பூச்சி வரும்?" என்று கேட்பார்கள்.

---

ஈஈஜி மேசை:

பன்றிக்கறியை அரைவேக்காட்டில் தின்பவருக்கு வருவது குடலில் நாடாப்புழு. மூளைக்குப் போவது, விழுங்கிய முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு. அந்த முட்டை புழு உள்ளவரின் மலத்திலிருந்து வெளியேறி, கழுவாத கீரை, கொத்தமல்லி, சமைப்பவரின் கை வழியாக யார் வாய்க்கும் போகும். சைவருக்கும் அதே தட்டு. நம் நாட்டில் அடிக்கடி காண்பது ஸ்கேனில் 20 மி.மீ.க்குக் குறைவான ஒற்றை வளையம். இதை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்து, காசநோய்க் கட்டியிலிருந்து பிரித்தறிய விதிமுறை வகுத்தார்கள்.

பூச்சி உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் சத்தம் இருக்காது. அது சாகும்போது நம் உடல் கிளப்பும் அழற்சிதான் பக்கத்துப் புறணியைச் சீண்டி வலிப்பைத் தருகிறது. அல்பெண்டசோல் (கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மி.கி.) தொடங்கும்போது ஸ்டீராய்டும் சேர்ப்பது அதனால்தான். ஸ்கேன் பார்க்காமல் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. பூச்சிகள் நிறைய இருந்தால் எல்லாம் சேர்ந்து வீங்கும். செத்தபின் சுண்ணாம்புப் புள்ளியாக நின்றால், வலிப்பு மருந்தை நிறுத்தும் பேச்சை நிதானமாக எடுக்க வேண்டும்.

---

பாடக்குறிப்பு:

கடைசிப் பத்திக்கு இப்படி எழுதியிருக்கிறேன், சரிபாருங்கள்: "ஒருக்களித்துப் படுக்கவைக்கவும், வாயில் எதையும் வைக்காதீர்கள், 5 நிமிடம் தாண்டினால் 108ஐ அழைக்கவும்."

---

குழந்தைநரம்பு:

மணி பார்க்கச் சொல்வதை முதல் வாக்கியமாக்குங்கள். யாரும் மணி பார்ப்பதில்லை, எல்லோரும் "அரை மணி நேரம் இழுத்தது" என்பார்கள்.

5 நிமிடம் ஏன் என்றும் ஒரு வரி சேருங்கள். அதற்கு மேல் ஓடும் வலிப்பு தானாக நிற்பது குறைவு. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் காபா ஏற்பிகள் ஒவ்வொன்றாக உள்ளே இழுக்கப்பட்டுவிடும், என்எம்டிஏ வாயில்கள் மேலே வந்துகொண்டிருக்கும். வலிப்பை நிறுத்தக் கொடுக்கும் மிடசோலம் பற்றிக்கொள்வது அந்தக் காபா ஏற்பியைத்தான். பத்தாவது நிமிடத்தில் கேட்கும் அளவு நாற்பதாவது நிமிடத்தில் கேட்காது.

கர்ப்பிணி, 20 வாரத்துக்கு மேல் என்றால் தனிப் பத்தி எழுதுங்கள். அங்கே கர்ப்பகால வலிப்பான எக்லாம்ப்சியாவுக்கு மெக்னீசியம் சல்பேட், ஃபெனிடோயின் அல்ல. அனுப்பும் முன் 50 சதவீதக் கரைசலில் ஒவ்வொரு பிட்டத்திலும் ஆழமாக 5 கிராம், அதாவது 10 மி.லி.

வீட்டில் மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே கொடுத்திருந்தால் அளவு கிலோவுக்கு 0.2 மி.கி., உச்சம் 10. 15 கிலோ குழந்தைக்கு 3 மி.கி. ஒரு அழுத்தலுக்கு 0.5 மி.கி. தரும் பாட்டிலில் ஆறு அழுத்தல், மூக்குத் துளைக்கு மூன்று. புதுப் பாட்டிலை முதலில் காற்றில் சில முறை அடித்துத் தயார் செய்யாவிட்டால் முதல் அழுத்தல்கள் வெறும் காற்றாகப் போகும். அழுத்தலுக்கு 1.25 மி.கி. தரும் பாட்டிலும் கடையில் உண்டு. அதில் அதே ஆறு அழுத்தினால் 7.5 மி.கி. போய் மூச்சு மந்தமாகும். எத்தனை அழுத்தல் என்பதை மருத்துவரிடம் கேட்டு பாட்டிலின் மேலேயே மார்க்கரில் எழுதச் சொல்லுங்கள். பாட்டில் மாறினாலும், குழந்தையின் எடை கூடினாலும், எண்ணைத் திருத்த வேண்டும்.